பூச்சி எண்ணெய்க்கு எந்தத் தட்டு?

வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு போத்தல். சமையலறை வாசற்படியில், விரித்த பத்திரிகைத் தாளின் நடுவில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றது. கடும் மஞ்சள் எண்ணெய், கறுப்பு மூடி, எனக்கு விளங்காத மொழியில் ஒரு லேபிள். லேபிளின் மூலையில் சுருண்டு கிடக்கும் ஒரு புழுவைக் கோட்டில் வரைந்திருந்தார்கள். தாள் எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழ், இராசிபலன் பக்கம். போத்தல் கன்னி ராசியின் மேல் நின்றது.

"தட்டிப்போடாதை, பாத்து வா," என்றாள் அக்கா உள்ளிருந்து.

"என்னக்கா இது?"

"உன்ரை பெறாமகனைக் கேள்."

பெறாமகன் என்பது அக்காவின் ஒரே மகன். நெதர்லாந்தில் உணவு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. விடுமுறைக்கு வந்த நண்பன் ஒருவனிடம் அப்பாவுக்கென்று அந்தப் போத்தலைக் கொடுத்து அனுப்பியிருந்தான். புழுவிலிருந்து எடுத்த சமையல் எண்ணெய். இதயத்துக்கு நல்லது என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்லைக் கேட்ட நேரத்திலிருந்து அத்தான் சாய்மனைக் கதிரையைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தானுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உழுந்து வடை. முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் வடை இருந்தது. போன வருடம் மாரடைப்பு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிப் போன பிறகு அக்கா திரும்பி வந்து பார்த்தபோது தட்டில் அரை வடை மிச்சம் இருந்தது. அத்தானுக்கு இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், வீட்டுக்கு வந்தார், நன்றாக நடமாடுகிறார். ஆனால் அந்த அரை வடையை அக்கா மறக்கவில்லை. தேங்காயெண்ணெய் வீட்டை விட்டுப் போனது. பொரியல் போனது. அப்பளத்தை நெருப்பில் சுட்டாள். வடை மாவை இட்டலித் தட்டில் அவித்து, அதற்கும் வடை என்றே பெயர் சொன்னாள்.

"அது வடையில்லை," என்பார் அத்தான். "நடுவில ஓட்டை விழுந்த இட்டலி."

இப்போது ஒரு போத்தல் வந்திருக்கிறது. ஆனால் போத்தலை எங்கே வைப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

அக்காவின் சமையலறைச் சுவரில் பாத்திரம் அடுக்க இரண்டு தட்டுகள் உண்டு. மேல்தட்டில் சைவப் பாத்திரங்கள்: பொரிக்கும் தாச்சி, அகப்பை, சட்டி, எண்ணெய் எல்லாம் தனி. கீழ்த்தட்டில் மச்சப் பாத்திரங்கள். மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அங்கே. மேலேயிருந்து ஒரு கரண்டி கீழே இறங்கினால் அது திரும்ப மேலே ஏறாது. எங்கள் அம்மா வீட்டிலும் இப்படித்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கொழும்பில் மூன்று வீடு மாறியும் அக்கா இதை மாற்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கீழ்த்தட்டுக்கு ஒரு துணி போட்டு மூடிவிடுவாள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் நான் இங்கே சாப்பிட வருவதற்கு அந்தத் துணியும் ஒரு காரணம். எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. ஹெந்தளையில் ஒரு கலியாண வீட்டில், இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த கத்தரிக்காயைத் தின்றேன். உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. படம் எடுக்கிறவர் என்னை ஒதுக்கிவைத்துப் படம் எடுத்தார். அதன் பிறகு வெளியில் சாப்பிடும்போது கேள்வி கேட்காமல் நான் கை வைப்பது அக்காவின் மேல்தட்டுச் சமையலில் மட்டும்தான். என் உடம்புக்கு அது பக்தியில்லை, பாதுகாப்பு.

போத்தல் வாசற்படியில் நிற்க, விவாதம் தொடங்கியது.

"எண்ணெய்தானே. எண்ணெயில என்ன சைவம், மச்சம்?" என்றார் அத்தான்.

"மீனெண்ணெயும் எண்ணெய்தான்."

"சரி, தேன்? தேனும் பூச்சியிட்டை இருந்துதானே வருது? கோயிலிலை அபிசேகத்துக்கே ஊத்துவினம்."

"தேனீயைப் பிழிஞ்சோ தேன் எடுக்கினம்?" என்றாள் அக்கா.

அத்தான் விடவில்லை. "நீர் கோயிலுக்குக் கட்டுற பட்டுச்சீலை? அதுக்கு எத்தினை புழு செத்திருக்கும், தெரியுமோ?"

"கட்டுறதும் தின்னுறதும் ஒண்டே? உங்கட செருப்பும் தோல்தான். அதுக்காகக் குழம்பு வைக்கிறனே?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அடுப்பிலிருந்த வாழைக்காய்க் கறியைப் பார்த்தேன்.

"நீ பேப்பர்க்காரி," என்றாள் அக்கா என்னிடம். "ரெண்டு விசயம் விசாரிச்சுச் சொல்லு. உண்மையிலயே இவருக்கு நல்லதோ? ரெண்டாவது, இது மேலயோ கீழயோ?"

"மேல எண்டு சொல்லும்," என்றார் அத்தான்.

"அவளை விசாரிக்க விடுங்கோ."

போத்தல் அடுத்த ஐந்து நாட்களும் அந்த வாசற்படியிலேயே நின்றது. இருவரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

முதல் கேள்வியை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். பூச்சி எண்ணெய் என்று தேடினால் அதன் நன்மைகளுக்குக் குறைவில்லை. இதயத்துக்கு நல்லது, தோலுக்கு நல்லது, மூளைக்கு நல்லது, பூமிக்கும் நல்லது. எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஒரு அறிக்கை மேசைக்கு வந்தால், அதை அனுப்பியவர் எதை விற்கிறார் என்று பார்ப்பது எங்கள் தொழிலில் முதல் வேலை. பார்த்தேன். பெரும்பாலும் எண்ணெய்தான் விற்றார்கள்.

விற்காதவர்கள் எழுதியதை மட்டும் பிரித்தெடுத்து வாசித்தபோது விஷயம் சுருங்கித் தெளிந்தது. பூச்சி எண்ணெய் என்று ஒன்று இல்லை. பூச்சிக்குப் பூச்சி எண்ணெய் வேறு. ஒருவகை ஈயின் புழுவிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஏறக்குறையத் தேங்காயெண்ணெயேதான்: அதே வகைக் கொழுப்பு, குளிரில் அதே மாதிரி உறையும். தவிட்டில் வளரும் ஒருவகை வண்டின் புழுவில் எடுப்பது வேறு. அதில் ஒலிவ் எண்ணெயில் உள்ள கொழுப்பும் சோள எண்ணெயில் உள்ள கொழுப்பும் கலந்திருக்கின்றன. உறையும் கொழுப்பு குறைவு. கெட்ட கொலஸ்ட்ரோலைக் கவனிக்க வேண்டியவர்களுக்குத் தேங்காயெண்ணெயைவிட அது சாதகம். ஆனால் மனிதர்கள் அதை வருடக்கணக்காகச் சாப்பிட்டு என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் மிகவும் குறைவு.

ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் நின்றது. போத்தலில் இருப்பது ஈயா, வண்டா? ஈ என்றால், அக்கா துரத்திவிட்ட தேங்காயெண்ணெயை மகன் விமானத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறான் என்று அர்த்தம்.

பெறாமகனை வீடியோவில் அழைத்தேன். வெள்ளைக் கோட்டோடு வந்தான்.

"ஈயோ, வண்டோ?" என்றேன்.

"முதல்ல சுகம் விசாரிக்கிறேல்லையோ, சித்தி?"

"உன்ரை கொப்பர் வடைக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்."

"வண்டு, சித்தி. வண்டுப் புழு. ஈ இல்லை. தவிடும் கரட்டும் மட்டும்தான் சாப்பிடும். எங்களைவிடச் சுத்தமான சைவம்."

"புழு சைவமோ எண்டு கொம்மா கேக்கேல்லை. எண்ணெய் சைவமோ எண்டுதான் கேக்கிறா."

அவன் தலையைச் சொறிந்தான். "அது எங்கட லாப்பிலை சோதிக்கிறேல்லை, சித்தி."

"மணம் எப்பிடி?"

"வறுத்த கச்சான் கடலை மாதிரி. நான் அதிலை வெள்ளிக்கிழமையும் முட்டை பொரிக்கிறனான். அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, முட்டை விசயத்தை."

வெளிநாட்டில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிடுவதில்லை என்று அவன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

அன்று மாலையே அத்தான் அழைத்தார். "விசாரிச்சதுக்கு என்ன தலைப்புப் போடப் போறீர்?"

"புழு எண்ணெய் இதயத்துக்கு நல்லதா? கேள்விக்குறியோடை."

"கேள்விக்குறியை எடுத்துப்போடும்."

"எடுக்கேலாது, அத்தான். வேணுமெண்டா டொக்டரிட்டைக் கேப்பம். அவ எடுத்தா எடுக்கலாம்."

புதன்கிழமை மாலை பொரளையில் அத்தானின் இதய டொக்டருடைய கிளினிக்குக்கு மூவரும் போனோம். போத்தலை அக்கா ஒரு சீலைக்கடைப் பையில் போட்டு, பையை மடியில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொண்டாள். மடியில் வைப்பதா இல்லையா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. காத்திருந்தபோது நான் போத்தலை எடுத்து லேபிளைக் கடைசி வரியிலிருந்து மேலே வாசித்தேன். இது செய்தி மேசையில் பிழை திருத்தும் பழக்கம். பக்கத்தின் அடியில் இருக்கும் சிறிய எழுத்தை யாரும் வாசிப்பதில்லை, ஆகவே பிழைகள் அங்கேதான் தங்கும். தொலைபேசியைப் பிடித்தால் அது மொழிபெயர்த்துத் தந்தது. கடைசி வரி இப்படி: இறால், நண்டு போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அது என் வாய்க்கு மட்டும் உரிய செய்தி என்று நினைத்தேன். வடையை நான் விட்டுவிட்டால் சரி. போத்தலைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

டொக்டர் நடுத்தர வயதுப் பெண். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுப்பு அட்டவணையை வாசித்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"எண்ணெயில பெரிய பிழை இல்லை," என்றார். "பிழை எண்ணெயில இல்லை, ஐயா. பொரிக்கிறதிலதான்."

அத்தானின் முகம் விழுந்தது.

"ஒரேயடியா வேண்டாமெண்டு சொல்லேல்லை. எப்பவாவது, அளவா. ஒருக்காப் பொரிச்ச எண்ணெயைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். கிழமைக்கு ரெண்டு வடை. சின்னன்."

"சின்னனெண்டா எவ்வளவு, டொக்டர்?"

டொக்டர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு வளையம் காட்டினார். அத்தான் உடனே தன் விரலால் அதே அளவை எடுத்துக்கொண்டார். ஓட்டோவில் ஏறியபோதும் அந்த வளையத்தைக் கலைக்கவில்லை. மருதானையில் நெரிசலில் நின்றபோது வளையம் கொஞ்சம் பெருத்திருந்தது. கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது அதில் ஒரு தேநீர்க் கோப்பை நுழையும்.

"அவ காட்டினது உது இல்லை," என்றாள் அக்கா.

"அவவின்ரை கை சின்னக் கை."

முதல் கேள்வி இப்படி முடிந்தது. இரண்டாவதை அக்கா தானே முடித்துவிட்டாள். வியாழக்கிழமை எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "டொக்டர் சொன்னபடியா அது மருந்து. மருந்தெண்டா சைவம், மச்சம் பாக்கிறேல்லை. இவர் குடிக்கிற குளிசையின்ரை கோதே என்னத்திலை செய்யினமோ ஆர் கண்டது. நாளைக்கு உழுந்து ஊறப் போடுறன். வா."

மறுநாள் நான் போனபோது வாசற்படி வெறுமையாக இருந்தது. போத்தல் உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. மேல்தட்டுத் தாச்சி அடுப்பில் ஏறியிருந்தது. கீழ்த்தட்டில் வழக்கம்போல் துணி. அரைத்த உழுந்தில் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கலந்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, அக்கா கிண்ணத்தைத் தயாராக வைத்திருந்தாள். அத்தான் சாய்மனைக் கதிரையில் இல்லை. சமையலறைக்குள்ளேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குளித்து, திருநீறு பூசி, சட்டையும் மாற்றியிருந்தார்.

அக்கா மூடியைத் திருகினாள். "இவருக்கு ரெண்டு. எனக்கு ஒண்டு. உனக்கு எத்தினை?"

"எனக்கு வேண்டாமக்கா."

"ஏன்?"

"பசியில்லை."

"வெள்ளவத்தையிலயிருந்து பசியில்லாமலோ வந்தனி? போன கிழமை நாலு தரம் சோறு போட்டனி."

அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மூடி கையில் இருக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புழுவெண்டபடியா அருவருக்குதோ?"

"சீ, இல்லை. எனக்குத்தான் இறால் ஒத்துக்கொள்ளாதே. இறால் கூடாதவைக்கு இதுவும் கூடாமல் வரலாமெண்டு போத்தலிலை போட்டிருக்கு. எனக்கு மட்டும்தான். நீங்கள் பொரியுங்கோ."

அக்கா மூடியைத் திரும்பப் போட்டாள்.

"இறால் கூடாதவைக்கு ஏன் இது கூடாது?"

"ரெண்டிலயும் ஒரே மாதிரிப் புரதம் இருக்காம். பூச்சியும் இறாலும் தூரத்துச் சொந்தம்." சொல்லி முடிக்கும்போதே அந்தச் சொல் எங்கே போய் விழும் என்று தெரிந்துவிட்டது.

"இறாலுக்குச் சொந்தமெண்டா மச்சம்," என்றாள் அக்கா.

"தூரத்துச் சொந்தமெண்டுதானே சொல்லுறாள்," என்றார் அத்தான்.

"உங்கட தூரத்துச் சொந்தக்காரர் செத்தா நீங்கள் துடக்குக் காக்கிறேல்லையோ?"

"நேத்து மருந்தெண்டெல்லோ சொன்னீர்?"

"மருந்து உடம்புக்கு. தாச்சிக்கு இல்லை."

அடுப்பை நிறுத்தினாள். எண்ணெய் படாத தாச்சியை ஒருமுறை கழுவித் துடைத்து மேல்தட்டில் ஏற்றினாள். அத்தான் ஸ்டூலை விட்டு எழும்பவில்லை. கிண்ணத்தில் இருந்த மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முப்பது வருசமாப் பேப்பரிலை வேலை செய்யிறீர்," என்றார். "ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லத் தெரியேல்லை."

"பசியில்லை எண்டு சொன்னனான், அத்தான்."

"அது ஆர் நம்புவினம்?"

மாவில் பாதிக்குத் தண்ணீர் விட்டு இளக்கி, அக்கா கல்லில் ஊற்றினாள். எண்ணெய் தொடாத தடித்த தோசை. சம்பலோடு நானும் சாப்பிட்டேன், இரண்டாவதும் கேட்டேன். அத்தான் தன் தோசையின் நடுவில் விரலால் ஒரு ஓட்டை போட்டு, அதைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார். மீதி மாவை அக்கா பிரிட்ஜில் வைத்தாள். போத்தல் திரும்ப வாசற்படிக்குப் போனது. இந்தமுறை தாள் போடவில்லை.

நான் புறப்படும்போது அக்கா கதவுவரை வந்தாள். அத்தானுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "டொக்டர் ரெண்டு எண்டுதானே சொன்னவ?"

"ஓம்."

"நாளைக்குச் சனி."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை மத்தியானம் காலி வீதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசி அதிர்ந்தது. அக்கா படம் அனுப்பியிருந்தாள். அதில் கீழ்த்தட்டின் மச்சத் தாச்சி, மீன் பொரித்துப் பொரித்துக் கறுத்தது. உள்ளே குறைந்த எண்ணெயில் இரண்டு வடை, பக்கத்துக்குப் பக்கம். டொக்டரின் அளவுமில்லை, அத்தானின் அளவுமில்லை, இரண்டுக்கும் நடுவில். பின்னால் அத்தானின் முழங்கை தெரிந்தது.

கொஞ்சத்தில் அத்தானே அழைத்தார். வாயில் இன்னும் ஏதோ இருந்தது.

"எப்பிடி, அத்தான்?"

"முதல் வடையிலை கச்சான் மணம். ரெண்டாவதிலை கொஞ்சம் சூடை மீன் மணம்."

"நல்லா இருக்கோ?"

"ரெண்டாவது இன்னும் திறம்," என்றார். "கேள்விக்குறியை எடும்."

பிறகு அக்கா தொலைபேசியை வாங்கினாள். பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கட்டாயம் வெளியே ஊற்றத்தான் வேண்டுமா, டொக்டர் சொன்னதற்காக இவ்வளவு நல்ல எண்ணெயை வீணாக்குவதா என்று கேட்டாள். ஊற்றி விடச் சொன்னேன். பெருமூச்சு விட்டாள். ஊற்றும் சத்தம் கேட்டது. பேச்சை முடித்து ஐந்து நிமிடத்தில் இரண்டாவது படம் வந்தது. அத்தானின் தட்டு. அதில் ஒன்றும் மிச்சம் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது வாசற்படியில் எதுவும் இல்லை. மத்தியானம் சோறு, வாழைக்காய்க் கறி, சுட்ட அப்பளம், இட்டலித் தட்டில் அவித்த வடை. அத்தான் அதைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். கை கழுவப் போனபோது கீழ்த்தட்டுத் துணியின் ஓரம் விலகியிருந்தது. பூச்சி எண்ணெய்ப் போத்தல் மீன் தாச்சிக்குப் பக்கத்தில் நின்றது. லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.